65-க்கு மேல ஆடும் வண்டி

மெக்கானிக்கல் படிக்கிற எல்லார் வீட்டுலயும் இந்தக் கொடுமை உண்டு. மிக்ஸி ஓடலையா? "நீதான் இன்ஜினியராச்சே, பாரு." ஃபேன் சத்தம் போடுதா? "ஏறிப் பாரு." பக்கத்து வீட்டு மோட்டார் தண்ணி எடுக்கலையா? அதுக்கும் நாமதான். நமக்கோ கிராஃப் ஷீட், ஃபார்முலா, 13 மார்க் கேள்வி இதைத் தவிர ஒண்ணும் தெரியாது. நீங்களும் மெக்கானிக்கல்னா இப்ப சிரிச்சிருப்பீங்க. நானும் இதை ஜோக்காத்தான் சொல்லிட்டு இருந்தேன், போன தீபாவளிக்கு முந்தின மாசம் வரைக்கும்.

எங்க அப்பா திருப்பூர்ல சொந்தமா ஒரு பிக்கப் வண்டி ஓட்டறார். வெளியூர்ல இருந்து படிக்க வந்தவங்களுக்காகக் கொஞ்சம் சொல்றேன். நீங்க போட்டிருக்கிற ஒரு டி-ஷர்ட் ஒரே கட்டடத்துல செய்யறதில்லை. நூல் ஒரு இடத்துல இருந்து வரும். நிட்டிங் வேற இடம், டையிங் வேற இடம், காம்பாக்டிங் வேற, கட்டிங் வேற, பிரிண்டிங் வேற, தையல் வேற. பெரிய கம்பெனிகள்ல எல்லாம் ஒரே வளாகத்துல இருக்கலாம். ஆனா ஊர்ல பாதிப் பேர் ஜாப் ஒர்க்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவுல துணி ரோலை ஏத்தி இறக்க ஒரு வண்டி வேணும். 2005-ல டாடா ஏஸ் வந்தப்போ நம்ம ஆளுங்க அதுக்குச் 'சின்ன யானை'னு பேர் வெச்சாங்க. அதுக்கு முன்னாடி மூணு சக்கர ஆட்டோ, மாட்டு வண்டின்னு ஓடின வேலையை இப்ப அந்த யானையும் பிக்கப்பும்தான் செய்யுது. காலைல பல்லடம் ரோட்டுல, மங்கலம் ரோட்டுல நின்னு பாருங்க. பச்சை, மஞ்சள், கறுப்புன்னு துணி உருளைகளைக் கட்டிக்கிட்டு அதுங்கதான் போகும்.

அப்பாவுக்கு ஊருக்குள்ள டிரிப் போக, வாரத்துக்கு ஒரு தடவை ஈரோடு டிரிப் உண்டு. திங்கட்கிழமை சாயங்காலம் பனியன் பண்டல் ஏத்திக்கிட்டு ஜவுளிச் சந்தைக்குப் போவார். பெருமாநல்லூர்ல பைபாஸ் ஏறினா செங்கப்பள்ளி, விஜயமங்கலம், பெருந்துறைன்னு நேரா போயிடலாம். கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். ஊருக்குள்ள பத்து டிரிப் அடிச்சாலும் அந்த ஒரு டிரிப்புல வர்ற காசு நிக்கற மாதிரி வராது.

அந்த டிரிப்பைத்தான் அப்பா விட்டுட்டார். நான் ஹாஸ்டல்ல இருந்ததால எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போனப்போ அம்மாதான் சொன்னாங்க, வண்டி 65-க்கு மேல போனா ஸ்டீயரிங் ஆடுதாம், கை மரத்துப் போகுதாம், நாலு மாசமா இப்படித்தானாம். அப்பா ரெண்டு தடவை அலைன்மென்ட் பார்த்துட்டார். ஒரு மெக்கானிக் டை ராட் எண்ட் மாத்தினார், சரியாகலை. அப்புறம் ஸ்டீயரிங் பாக்ஸே மாத்தணும், 28 ஆயிரம் ஆகும்னு சொல்லியிருக்கார். வண்டிக்கு இன்னும் 14 மாசம் தவணை பாக்கி. அம்மாவோட செயினை அடகு வைக்கறதைப் பத்தித்தான் அன்னைக்கு வீட்டுல பேச்சு.

அப்பா என்கிட்ட கேட்டார்: "ஏஞ்சாமி, நீ படிக்கறதுல இதுக்கு ஏதாச்சும் இருக்குதா?"

நான் போன்ல இருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன்: "இல்லீங்கப்பா, இதெல்லாம் ஆட்டோமொபைல் காரங்க படிப்பாங்க. எங்களது வேற."

இந்தக் கட்டுரையை நான் எழுதறதே அந்த வரிக்காகத்தான்.

ஏன்னா அது பொய். வேணும்னு சொன்ன பொய் இல்லை, ஆனா பொய்தான். நாலாவது செமஸ்டர்ல தியரி ஆஃப் மெஷின்ஸ்ல 'பேலன்சிங் ஆஃப் ரொட்டேட்டிங் மாஸஸ்'னு ஒரு பகுதியை நீங்களும் படிச்சிருப்பீங்க. ஒரு ஷாஃப்ட்ல ஏ, பி, சி, டி-ன்னு நாலு நிறை இருக்கும். டேபிள் போட்டு, ஃபோர்ஸ் பாலிகன், கப்பிள் பாலிகன் வரைஞ்சு, எந்தக் கோணத்துல எவ்வளவு எடை வெச்சா ஷாஃப்ட் அதிராம சுத்தும்னு கண்டுபிடிக்கணும். எனக்கு அது ரொம்பப் பிடிச்ச கணக்கு. பாலிகன் கடைசிக் கோடு கரெக்டா வந்து மூடும்போது ஒரு திருப்தி இருக்குமில்ல, அதுக்காகவே போடுவேன். எக்ஸாம்ல முழு மார்க் வந்திருக்கும்னு இன்னைக்கும் நம்பறேன். அந்த ஏ, பி, சி, டி எங்க வீட்டு வாசல்ல நாலு போல்ட் நட்டோட நிக்குதுன்னு மட்டும் எனக்குத் தோணவே இல்லை.

அடுத்த நாள் வண்டி பஞ்சர். அதனாலதான் விஷயமே வெளிய வந்தது. பல்லடம் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன டயர் கடை. நானும் கூடப் போனேன். டயரைக் கழட்டும்போது அப்பா சும்மா பேச்சுவாக்குல ஆட்டத்தைப் பத்திச் சொன்னார். கடைக்காரருக்கு அப்பா வயசு இருக்கும். வேலையை நிறுத்தாமலே மூணு கேள்வி கேட்டார்.

"ஏனுங்ண்ணா, எந்த ஸ்பீடுல ஆரம்பிக்குது?"

"65 தாண்டினாப் போதும். 75-ல ரொம்ப மோசம்."

"அதுக்கு மேல அழுத்தினா?"

"ஒரே ஒருக்கா 90 போனேன். அங்க கொஞ்சம் அடங்கினாப்ல இருந்துச்சு. பயத்துல திரும்பப் போகலை."

"ஆடறது ஸ்டீயரிங்கா, உக்காந்திருக்கிற சீட்டா?"

"ஸ்டீயரிங்தான்."

"முன்னாடி வீலை பேலன்ஸ் பண்ணிப் பாத்தீங்களா?"

அப்பா சிரிச்சார். "அது காருக்குப் பண்றதில்லீங்களா? லோடு வண்டிக்கு எதுக்கு?"

இதை அப்பா மட்டும் நம்பலை, நிறைய டிரைவர்கள் நம்பறாங்க. அதுல அர்த்தமும் இல்லாம இல்லை. ஊருக்குள்ள 30-லயும் 40-லயும் ஓடற வண்டிக்கு இது பெருசாத் தெரியாது. பிக்கப் இப்ப பைபாஸ்ல கார் ஓடற வேகத்துக்கு ஓடுது, பழக்கம்தான் இன்னும் பழைய வண்டிக்காலத்துலயே நிக்குது.

கடைக்காரர் முன் சக்கரம் ரெண்டையும் கழட்டினார். முதல்ல ஒரு ஸ்க்ரூ டிரைவரை வெச்சு ரிம்முக்கு உள்பக்கம் காய்ஞ்சு ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார். கை நிறைய வந்தது. மழைக்காலத்துல டையிங் வாசல்ல நின்ன சேறு. டயர் பட்டன் நடுவுல மாட்டியிருந்த கல்லை எல்லாம் எடுத்தார். அப்புறம் சக்கரத்தை மெஷின் ஷாஃப்ட்ல மாட்டி, கூம்பு மாதிரி ஒண்ணை வெச்சு இறுக்கினார். மெஷின்ல மூணு அளவு கொடுக்கணும்: ரிம்மோட விட்டம், அகலம், மெஷின்ல இருந்து ரிம் எவ்வளவு தள்ளி இருக்குங்கறது. மூடியைச் சாத்தினதும் சக்கரம் சில விநாடி சுத்தி நின்னுச்சு. திரையில ரெண்டு நம்பர். இடது பக்கம் 45, வலது பக்கம் 30.

எனக்கு அங்கதான் பொறி தட்டுச்சு. ஏன் ரெண்டு நம்பர்? ஒண்ணு போதாதா? போதாதுன்னு எனக்குத் தெரியும்! நானே அதைப் பக்கம் பக்கமா எழுதியிருக்கேன்!

உங்களுக்கும் சொல்றேன். சக்கரத்துல ஒரு பக்கம் மட்டும் எடை கூட இருந்தா, ஜாக்கி போட்டுத் தூக்கிச் சும்மா சுத்தி விட்டாலே தெரிஞ்சிடும். கனமான இடம் ஒவ்வொரு தடவையும் கீழே வந்து நிக்கும். இது ஸ்டாட்டிக். இன்னொரு வகை கள்ளத்தனமானது. சக்கரத்தோட உள்விளிம்புல மேல 30 கிராம், வெளிவிளிம்புல நேர் கீழே 30 கிராம் கூடுதலா இருக்குன்னு வைங்க. மேலயும் கீழயும் சமம்கறதால, சும்மா சுத்தி விட்டா எங்க வேணா நிக்கும், ஒரு குறையும் தெரியாது. ஆனா வேகமா சுத்தும்போது உள்விளிம்பு மேல இழுக்கும், வெளிவிளிம்பு கீழ இழுக்கும். அரைச் சுத்துக்கு அப்புறம் அப்படியே தலைகீழ். சக்கரம் ஒரு பக்கமும் மறு பக்கமும் முறுக்கிக்கிட்டே இருக்கும். அந்த முறுக்கல்தான் ஸ்டீயரிங்குக்கு வருது. நம்ம கப்பிள் பாலிகன் இதுதான். அதைச் சரி பண்ண ரெண்டு தளத்துல எடை வைக்கணும். அதான் ரெண்டு நம்பர்.

45 கிராம் என்ன பெரிய எடை, ரெண்டு டன் வண்டியை ஆட்டுமான்னு கேப்பீங்க. கணக்கு போடலாம். விசைங்கறது நிறை, ஆரம், கோண வேகத்தின் வர்க்கம் மூணையும் பெருக்கினா வர்றது. கணக்குக்கு வசதியா 50 கிராம்னு வெச்சுக்கலாம். 15 இன்ச் ரிம், அதோட விளிம்பு மையத்துல இருந்து 19 சென்டிமீட்டர். 80-ல போகும்போது இந்த அளவு சக்கரம் விநாடிக்குப் பத்துத் தடவைக்குக் கொஞ்சம் மேல சுத்தும். விடை சுமார் 40 நியூட்டன். அதாவது 4 கிலோ எடை அளவு ஒரு இழுப்பு, விநாடிக்குப் பத்துத் தடவை, ஒவ்வொரு சுத்துக்கும் திசை மாறி மாறி. 40-ல போனா வேகம் பாதி, விசை கால்வாசி, ஒரு கிலோதான். அதனாலதான் ஊருக்குள்ள தெரியலை. ஈரோடு போய்ச் சேர அந்தச் சக்கரம் சுமார் 23 ஆயிரம் சுத்து சுத்தணும். அத்தனை தடவையும் அந்த இழுப்பு அப்பா கையில.

அப்படின்னா 90-ல ஏன் அடங்கின மாதிரி இருந்தது? ரெசோனன்ஸ். சக்கரமும் சஸ்பென்ஷனும் சேர்ந்து தனக்குன்னு ஒரு அதிர்வு எண் வெச்சிருக்கும். இழுப்பு வர்ற வேகம் அதோட ஒத்துப்போற இடத்துல ஆட்டம் பெருகும், தாண்டிட்டா குறையும். கடைக்காரர் 'மேல அழுத்தினா?'னு கேட்டது இதுக்குத்தான். அவர் ரெசோனன்ஸ்ங்கற வார்த்தையைச் சொல்லவே இல்லை. எனக்கு அந்த வார்த்தை மட்டும்தான் தெரிஞ்சிருந்தது.

சரி, இப்பவாவது நான் உதவலாமேன்னு அப்பாகிட்ட விளக்க ஆரம்பிச்சேன். "அப்பா, இது வந்து, சென்ட்ரிஃபியூகல் ஃபோர்ஸ்... அந்த மாஸ் அன்பேலன்ஸ்டா இருக்கறதால, டைனமிக்கா ஒரு கப்பிள்..."

அப்பா தலையாட்டினார். புரியாதவங்க மரியாதைக்கு ஆட்டுவாங்களே, அந்த ஆட்டு. எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். அப்பா கட்டின ஃபீஸ்ல நான் கத்துக்கிட்ட விஷயத்தை அப்பாகிட்டச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் இல்லை. மூணு தடவை ஆரம்பிச்சு மூணு தடவையும் பாதியில நின்னேன்.

அதுக்குள்ள கடைக்காரர் ஒரு ஈயக்கட்டியை ரிம் விளிம்புல வெச்சுச் சுத்தியால ரெண்டு தட்டு தட்டினார். மறுபக்கம் இன்னொண்ணு. திரும்பச் சுத்தி விட்டார். ரெண்டு பக்கமும் பூஜ்யம். அப்பா அந்தத் திரையையே பார்த்துட்டு இருந்தார். திடீர்னு சொன்னார்:

"அட, இது நம்ம ஹைட்ரோவாட்ட இல்ல இருக்குது!"

ஹைட்ரோன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: சாயப் பட்டறையில ஈரத் துணியைப் போட்டுச் சுத்தித் தண்ணியைப் பிழியற மெஷின். பெரிய வாஷிங் மெஷின் டிரையர்னு வெச்சுக்குங்க. மூணு கால்ல தொங்கற மாதிரி ஒரு பெரிய தொட்டி. அதுக்குள்ள துளை போட்ட கூடை. துணியை ஒரே பக்கமா திணிச்சுட்டு ஆன் பண்ணினா மெஷினே நடக்க ஆரம்பிச்சிடும். ஈரத் துணியைக் கையால சுத்திச் சுத்திச் சமமா அடுக்கணும். அது ஒரு வேலை. அப்பா வண்டி வாங்கறதுக்கு முன்னாடி எட்டு வருஷம் அந்த வேலைதான் பார்த்தார்.

இது எனக்குத் தெரியும், ஆனா மறந்திருந்தேன். 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல்ல சாயக் கழிவு கலக்கறதைப் பட்டறைகள் நிறுத்தலைங்கறதால வந்த உத்தரவு. கழிவு ஒரு சொட்டும் வெளிய போகக்கூடாதுங்கறது நிபந்தனை. ஒரத்துப்பாளையம் அணையில தேங்கின தண்ணியால நிலம் கெட்டுப்போன விவசாயிகள் வருஷக்கணக்கா நடத்தின வழக்கு அது. அவங்க பக்கம் நியாயம் இருந்தது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடினதுல எங்க அப்பா மாதிரி ஆளுங்களுக்கு வேலை போனதும் நிஜம். அப்ப நான் ஒண்ணாங்கிளாஸ். அப்பா பகல்ல வீட்டுல இருக்கார்னு எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் பட்டறைகள் சுத்திகரிப்பு வசதியோட ஒவ்வொண்ணா திறந்தப்போ அப்பா திரும்பப் போகலை. அதுக்குள்ள வேற ஒருத்தர் வண்டிக்கு டிரைவரா போயிட்டு இருந்தார்.

அன்னைக்கு டயர் கடையில அப்பா எனக்கு ஹைட்ரோ பத்திப் பாடம் எடுத்தார். "மெதுவா சுத்தறப்ப ஒண்ணும் தெரியாது கண்ணு. வேகம் புடிச்சா ஆடும். ஒரு எடத்துல பேயாட்டம் ஆடும். அதத் தாண்டிட்டா கம்முனு ஆயிரும். ஆனா தாண்ட விடக்கூடாது. நிறுத்திட்டு, துணியப் பிரிச்சு அடுக்கோணும்."

நான் ஒரு செமஸ்டர் முழுக்கப் படிச்சதுல பாதி அந்த நாலு வரியில இருந்தது. வேகத்தோட வர்க்கம்கறதும் ரெசோனன்ஸ்ங்கறதும் அவருக்குக் கையில தெரியும், பேர்தான் தெரியாது. நான் கேட்டேன்: "அடியில ஒரு பக்கமும் மேல எதிர்ப் பக்கமும் கனம் சேர்ந்துட்டா?" அப்பா உடனே கையை முறுக்கிக் காட்டினார். "அப்ப இப்படி நெளியும்." கப்பிள்! அவ்வளவுதான், எங்க ரெண்டு பேருக்கும் பேச ஒரு பாஷை கிடைச்சிடுச்சு.

நாலு சக்கரத்துக்கும் பேலன்சிங் 600 ரூபா. முன் இடது சக்கரத்துல நாலு மாசத்துக்கு முன்னாடி பஞ்சருக்கு உள்பக்கம் பெரிய ஒட்டு போட்டிருந்தாங்க. அப்பவே பழைய ஈயக்கட்டி ஒண்ணு கழண்டும் போயிருக்கு. அந்தத் தடம் ரிம்ல தெரிஞ்சது. ஆட்டம் ஆரம்பிச்சதும் அப்பதான்.

உங்க வீட்டுலயும் கார், ஆம்னி, லோடு வண்டி ஏதாச்சும் இருக்கும். அதனால இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. கையை லேசா விட்டா வண்டி ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகுதுன்னா, டயர் ஒரு ஓரம் மட்டும் தேயுதுன்னா, அலைன்மென்ட் பாருங்க. ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும் நடுக்கம் வருதுன்னா முதல்ல பேலன்சிங். ஸ்டீயரிங் ஆடினா பெரும்பாலும் முன் சக்கரம், சீட்டும் தரையும் அதிர்ந்தா பின் சக்கரம். புது டயர் போட்டாலும், டயரைக் கழட்டிப் பஞ்சர் ஒட்டினாலும் ஒரு தடவை பேலன்ஸ் பாத்துடுங்க. இது எல்லாத்துக்கும் மருந்தும் இல்லை. ரிம் நெளிஞ்சிருந்தாலோ, டயர் புடைச்சிருந்தாலோ, பால் ஜாயின்ட் தேய்ஞ்சிருந்தாலோ ஈயக்கட்டி காப்பாத்தாது. ஆனா 600 ரூபா சோதனையை முதல்லயும் 28 ஆயிரம் ரூபா சோதனையைக் கடைசியிலயும் வைக்கலாமில்ல?

அன்னைக்கு சாயங்காலம் திங்கட்கிழமை. நாலு மாசத்துக்கு அப்புறம் ஈரோடு டிரிப். நான் காலேஜுக்கு லீவ் சொல்லிட்டுக் கூடப் போனேன். பெருமாநல்லூர்ல பைபாஸ் ஏறினதும் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலை. ஸ்பீடாமீட்டரையே பார்த்துட்டு இருந்தோம். 60. 65. 70. அப்பா ரெண்டு கையாலயும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிச்சிருந்தார், நாலு மாசப் பழக்கம். 75. ஒண்ணும் ஆகலை. விஜயமங்கலம் டோல்கேட் வர்ற வரைக்கும் அந்தப் பிடி தளரவே இல்லை. டோல் தாண்டினதுக்கு அப்புறம்தான் ஒரு கையை எடுத்து ஜன்னல்ல வெச்சார். "பாட்டு கீது போடு" என்றார்.

அம்மாவோட செயின் கழுத்துலயே இருக்கு.

எனக்கு இந்த வருஷம் பிளேஸ்மென்ட். ஒரு இன்டர்வியூல உங்களுக்குப் பிடிச்ச சப்ஜெக்ட் என்னன்னு கேட்டாங்க, தியரி ஆஃப் மெஷின்ஸ்னு சொன்னேன். ஏதாவது ஒரு உதாரணம் சொல்லுங்கன்னதும் ஹைட்ரோவைச் சொன்னேன். எதிர்ல இருந்தவருக்கு ஹைட்ரோன்னா தெரியலை, விளக்கினேன். தடுமாறாம விளக்கினேன், ஏன்னா அதை எனக்கு நல்லாச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. ரிசல்ட் இன்னும் வரலை.

வேலை கிடைக்குதோ இல்லையோ, உங்ககிட்டக் கேட்டுக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அடுத்த தடவை வீட்டுல யாராவது "நீ படிக்கறதுல இதுக்கு ஏதாச்சும் இருக்கா?"னு கேட்டா, "இல்லை"ன்னு சொல்றதுக்கு முன்னாடி போனைக் கீழ வெச்சுட்டு ஒரு நிமிஷம் யோசிங்க. அப்படியே அவங்க முன்னாடி என்ன வேலை பார்த்தாங்கன்னும் கேளுங்க. உங்க சிலபஸ்ல பாதி அங்க இருக்கலாம்.